எப்போதும் ஐந்து கோடு சிக்னல்

2007 ஜனவரி 9. சான் பிரான்சிஸ்கோவின் மாஸ்கோனி சென்டர் மேடையில் ஸ்டீவ் ஜாப்ஸ் முதல் ஐபோனை எடுத்துக் காட்டிய அந்தக் காட்சி இன்றும் யூடியூபில் கிடக்கிறது. ஒருமுறை போட்டுப் பாருங்கள். போனைப் பார்க்க வேண்டாம், திரையின் மேல்மூலையில் இருக்கும் சிக்னலைப் பாருங்கள். முழுசாக ஐந்து கோடு. டெமோ முடியும்வரை ஒரு கோடுகூடக் குறையாது. குறையவும் முடியாது. உண்மையான சிக்னல் எப்படி இருந்தாலும் ஐந்து கோடு மட்டுமே காட்டும்படி அந்த போனுக்கு நிரல் எழுதி வைத்திருந்தார்கள்.

அன்று உலகத்தில் இருந்த ஐபோன்களே ஏறக்குறைய நூறுதான். பாட்டில் ஒரு பகுதியைப் போட்டால் ஓடும். முழுப் பாட்டும் ஓடுமா என்பது சந்தேகம். மெயில் அனுப்பிவிட்டு இணையத்தில் உலாவினால் பிழைத்துக்கொள்ளும். உலாவிவிட்டு மெயில் அனுப்பினால் தொங்கிவிடும். அதனால் எதற்குப் பிறகு எதைத் தொட வேண்டும் என்று வரிசை போட்டு, அந்த வரிசைக்குத் 'தங்கப் பாதை' என்று பெயரும் வைத்து, நாள்கணக்கில் ஒத்திகை பார்த்தார்கள். நினைவகம் நிரம்பி ஒரு போன் மக்கர் செய்தால் சட்டென்று மாற்றிக்கொள்ள மேடையில் வேறு போன்களும் இருந்தன. அரங்குக்கென்றே தனியாக ஒரு நடமாடும் செல்போன் கோபுரம் வரவழைக்கப்பட்டது. ஜாப்ஸ் மேடையில் ஒவ்வொரு கட்டத்தையும் தாண்ட, பார்வையாளர்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த பொறியாளர்கள் கொண்டுவந்திருந்த ஸ்காட்ச்சை ஆளுக்கு ஒரு மடக்காகக் குடித்துத் தீர்த்தார்கள். இதெல்லாம் வெளியே வர ஆறு ஆண்டுக்கு மேல் ஆனது, அதுவும் அந்தக் குழுவில் இருந்தவர்களே வாய் திறந்த பிறகு.

இதைப் பித்தலாட்டம் என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. மேடையில் காட்டியதைப் பெரும்பாலும் அப்படியே 2007 ஜூன் 29-ஆம் தேதி கடைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஆனால் ஜனவரி 9 அன்று நடந்தது ஒரு பொருளின் அறிமுகம் அல்ல. ஒரு வாக்குறுதியின் அரங்கேற்றம். தொழில்நுட்ப மாநாடுகளைத் தூக்கம் கெட்டுப் பின்தொடரும் நம்மைப் போன்றவர்கள் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகவில்லை என்பதுதான் என் குறை. அதற்கு நம் செய்தித் தமிழும் ஒரு காரணம். 'அறிமுகம்' என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் போட்டு மூடிவிடுகிறோம். மேடையில் சொன்ன நாளும் அறிமுகம்தான், முன்பதிவு தொடங்கும் நாளும் அறிமுகம்தான், கடைக்கு வரும் நாளும் அறிமுகம்தான். ஐபோனையே எடுத்துக்கொள்ளுங்கள். உலகத்துக்கு அறிமுகம் 2007 ஜனவரி. அமெரிக்கக் கடைகளுக்கு 2007 ஜூன். இந்தியாவுக்கு 2008 ஆகஸ்ட் 22. ஏர்டெல்லும் வோடஃபோனும் கொண்டுவந்தன, 8 ஜிபி போன் 31,000 ரூபாய். அதுவும் ஜாப்ஸ் கையில் பிடித்திருந்த போன் இல்லை, அதற்கு அடுத்த மாடலான 3ஜி. அந்த முதல் ஐபோன் இந்தியாவில் முறைப்படி விற்பனைக்கு வரவே இல்லை.

கையில் பொருள் இல்லாதபோது ஏன் இவ்வளவு அவசரமாக மேடை ஏற வேண்டும்? ஐபோனுக்கு ஒரு நியாயமான காரணம் இருந்தது. விற்பனைக்கு முன் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையத்தின் அனுமதி வேண்டும். அங்கே விண்ணப்பம் போனால் விஷயம் கசிந்துவிடும், அதைவிட நாமே சொல்லிவிடலாம் என்று ஜாப்ஸ் அந்த மேடையிலேயே சொன்னார். எல்லோருக்கும் இப்படி ஒரு நியாயம் இருப்பதில்லை. போட்டியாளரின் பொருளை வாங்க நினைப்பவரின் கையைப் பிடித்து நிறுத்துவதுதான் முன்கூட்டிய அறிவிப்பின் பழைய பயன். மைக்ரோசாஃப்ட் 1983 நவம்பர் 10 அன்று விண்டோஸை அறிவித்தது. பெட்டி கடைக்கு வந்தது 1985 நவம்பர் 20. நடுவே இரண்டு ஆண்டுகள். விசிகார்ப் போன்றவர்கள் அதேபோன்ற மென்பொருளை அதற்குள் விற்கவே தொடங்கியிருந்தார்கள். 'விண்டோஸ் வரட்டும், பார்க்கலாம்' என்று காத்திருந்தவர்களால் லாபம் யாருக்கு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வராத மென்பொருளைக் கேலி செய்யும் 'வேப்பர்வேர்', அதாவது ஆவிச்சரக்கு, என்ற சொல் புழக்கத்துக்கு வந்ததும் அந்த ஆண்டுகளில்தான்.

ஆனால் அதே ஆயுதம் பிடித்தவர் கையையும் வெட்டும். அப்படி வெட்டுப்பட்டதாகச் சொல்லப்படுகிறவர் திருவண்ணாமலையில் வளர்ந்தவர்.

ஆடம் ஆஸ்போர்னின் அப்பா ஆர்தர் ஆஸ்போர்ன், ரமண மகரிஷியின் அடியார்; ரமணாசிரமத்தின் ஆங்கில இதழை நடத்தியவர். ஆடம் பிறந்தது பாங்காக்கில், சிறுவயது கழிந்தது அருணாசல மலையடிவாரத்தில். பிறகு இங்கிலாந்து, அங்கிருந்து அமெரிக்கா, வேதிப் பொறியியல் வேலை, அப்புறம் கணினிக் கையேடுகள் எழுதுவதும் பதிப்பிப்பதும். 1981 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த வெஸ்ட் கோஸ்ட் கம்ப்யூட்டர் ஃபேர் என்ற கண்காட்சியில் அவர் ஆஸ்போர்ன் 1 என்ற கணினியைக் கொண்டுவந்து வைத்தார். தையல் மெஷின் பெட்டி போல இருக்கும், பிடி வைத்தது, ஏறக்குறைய 11 கிலோ. ஐந்து அங்குலத் திரை. விலை 1,795 டாலர். தூக்கிக்கொண்டு போகக்கூடிய கணினி என்று பரவலாக விற்ற முதல் பொருள் அதுதான். தனியாக வாங்கினால் அந்தப் பணத்தில் பெரும்பகுதியைத் தின்றுவிடும் வேர்ட்ஸ்டார், சூப்பர்கால்க் போன்ற மென்பொருள்களைக் கூடவே கொடுத்தார். சந்தை அள்ளிக்கொண்டது. உச்சத்தில் மாதத்துக்குப் பத்தாயிரம் விற்றது.

1983 தொடக்கத்தில் அடுத்த மாடலான எக்ஸிக்யூட்டிவ் பற்றிப் பத்திரிகையாளர்களிடம் பேசத் தொடங்கினார் ஆடம். அது தயாராகவில்லை, பழையதோ கிடங்கில் குவிந்திருந்தது. நல்லது வரப்போகிறது என்று தெரிந்த பிறகு பழையதை யார் எடுப்பார்கள்? டீலர்கள் ஆர்டரை நிறுத்தினார்கள். செப்டம்பரில் கம்பெனி திவால். தன் வாயாலேயே தன் சரக்கைக் கெடுத்துக்கொள்வதற்கு 'ஆஸ்போர்ன் விளைவு' என்ற பெயரே நிலைத்துவிட்டது.

மேலாண்மைப் பாடங்களில் கதையை இவ்வளவோடு முடித்துவிடுவார்கள். அது ஆடமுக்கு இழைக்கும் அநியாயம் என்று அன்றைய கணக்குகளைத் தெரிந்தவர்கள் வாதிடுகிறார்கள், எனக்கும் அது சரியாகவே படுகிறது. ஒன்பது அங்குலத் திரையோடு கேப்ரோ என்ற போட்டிக் கணினி எக்ஸிக்யூட்டிவைவிட மலிவாக வந்துவிட்டது. ஐபிஎம் கணினிக்கு எழுதிய மென்பொருள்களை ஓட்டும் காம்பாக்கும் 1983 மார்ச்சில் கடைக்கு வந்துவிட்டது. ஐந்து அங்குலத் திரை எப்படியும் நெடுநாள் தாங்கியிருக்காது. ஆனாலும் அடுத்த மாடலைப் பற்றி முன்கூட்டி மூச்சுவிடப் பல கம்பெனிகள் இன்றும் தயங்குகின்றன. ஆப்பிள் காக்கும் ரகசியத்துக்குப் பின்னால் இருப்பதும் அதே பயம்தான். ஆடம் பின்னாளில் நோயோடு இந்தியா திரும்பி, 2003 மார்ச்சில் கொடைக்கானலில் இறந்தார்.

ஆடம் கணினி விற்ற காலத்தில் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் கடை விரித்தார்கள். 1979-இல் தொடங்கிய காம்டெக்ஸ் என்ற கணினிக் கண்காட்சி லாஸ் வேகாஸையே நிரப்பியது. 2003-க்குப் பிறகு நடக்கவில்லை. 1967-இல் நியூயார்க்கில் தொடங்கிய சிஇஎஸ் என்ற மின்னணுப் பொருள் கண்காட்சி இன்றும் ஒவ்வொரு ஜனவரியும் லாஸ் வேகாஸில் நடக்கிறது, ஆனால் பெரிய பெயர்கள் அந்த மேடையை நம்பியில்லை. மேக்வேர்ல்டு கண்காட்சியை ஆப்பிள் 2009-ஓடு விட்டது. சிஇஎஸ் தொடக்க உரையை மைக்ரோசாஃப்ட் 2012-ஓடு விட்டது. சொந்த வீட்டில் விசேஷம் வைத்துக்கொள்ள வசதி வந்த பிறகு பொதுச் சத்திரம் எதற்கு? ஆப்பிளுக்கு ஜூனில் டபிள்யூடபிள்யூடிசி மாநாடு, கூகுளுக்கு மே மாதம் ஐ/ஓ மாநாடு, இப்படி ஆளுக்கொரு மண்டபம். கலிபோர்னியாவில் கோடைக்காலக் காலை பத்து மணி என்றால் நமக்கு இரவு பத்தரை. இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு மடிக்கணினியோடு உட்காரத் தோதான நேரம்தான், மறுநாள் காலை எட்டு மணிக்கு மீட்டிங் இல்லாதவரை.

பிறகு 2020 வந்தது. பார்சிலோனாவின் மொபைல் வேர்ல்டு காங்கிரஸ் என்ற செல்போன் கண்காட்சி பிப்ரவரியில் ரத்தானது. ஜூனில் ஆப்பிள் தன் மாநாட்டை முன்பே படமெடுத்து இணையத்தில் ஓட்டியது. 1,599 டாலர் டிக்கெட்டுக்குக் குலுக்கலில் பெயர் விழுமா என்று காத்திருந்தவர்களுக்கு எல்லாம் இலவசமாகக் கிடைத்தது. திருநெல்வேலியில் இருக்கிற கல்லூரி மாணவிக்கும் ஆப்பிளின் தலைமையகமான குபர்டினோவின் பொறியாளர் எடுக்கும் வகுப்பு ஒரே நாளில் கிடைக்கிறது என்றால் அது சாதாரண விஷயமில்லை. ஆனால் அதோடு போனது ஒன்று உண்டு, மேடையில் பொருள் சொதப்புவது.

சொதப்பலில் உண்மை கிடைக்கும். 1998 ஏப்ரலில் சிகாகோ காம்டெக்ஸில் பில் கேட்ஸ் பக்கத்தில் நிற்க, உதவியாளர் விண்டோஸ் 98-இல் ஒரு ஸ்கேனரைச் செருகினார். நீலத் திரை வந்து கணினி விழுந்தது. இதனால்தான் இன்னும் விற்பனைக்கு விடவில்லை போலிருக்கிறது என்று கேட்ஸ் சமாளித்தார். இரண்டு மாதத்தில் வரப்போகும் பொருள் எந்த நிலையில் இருக்கிறது என்று அரங்கத்துக்கே தெரிந்துவிட்டது. 2010 ஜூனில் ஐபோன் 4-ஐக் காட்டும்போது இணையம் வரவில்லை. இந்த அரங்கில் 570 வைஃபை நிலையங்கள் ஓடுகின்றன, அணைத்துவிட்டு மடிக்கணினிகளைக் கீழே வையுங்கள் என்று ஜாப்ஸே கெஞ்ச வேண்டியிருந்தது.

இவற்றையெல்லாம்விட எனக்குப் பிடித்தது அண்மைய ஒன்று. 2025 செப்டம்பர் 17, மெட்டாவின் கனெக்ட் மாநாடு. நேரடி டெமோ. ஏஐ உள்ள ரே-பான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு சமையல்காரர் கொரிய பாணி சாஸ் எப்படிச் செய்வது என்று கேட்கிறார். அவர் முன்னால் கிண்ணம் காலி. கண்ணாடியோ, அடிப்படைப் பொருட்களை நீங்கள் ஏற்கெனவே கலந்தாயிற்று என்று சொல்லி அடுத்த படிக்குத் தாவுகிறது. மறுபடி கேட்கிறார், மறுபடி அதே பதில். வைஃபை பிரச்சினை போலிருக்கிறது என்று சிரித்து முடித்தார்கள். கொஞ்ச நேரத்தில் மார்க் ஜுக்கர்பெர்க்கே வாட்ஸ்அப் வீடியோ அழைப்பை எடுக்கப் பார்க்கிறார். மணி அடிக்கிறது, அடிக்கிறது, எடுக்க முடியவில்லை.

வைஃபை அல்ல காரணம். மெட்டாவின் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி ஆண்ட்ரூ பாஸ்வொர்த் பிறகு வெளிப்படையாகவே சொன்னார். சமையல்காரர் கட்டளையைச் சொன்னதும் அந்தக் கட்டடத்தில் இருந்த அத்தனை ரே-பான் மெட்டா கண்ணாடிகளும் அதைக் கேட்டு விழித்துக்கொண்டன. கல்யாண வீட்டில் "மாப்பிள்ளை!" என்று ஒரு குரல் கொடுத்தால் பந்தியில் இருக்கிற அத்தனை மாப்பிள்ளைகளும் எழுந்து வருவது போல. டெமோவுக்கென ஒதுக்கியிருந்த ஒரே ஒரு சோதனை சர்வரை நோக்கித்தான் அந்த வைஃபையின் போக்குவரத்து முழுவதையும் திருப்பி வைத்திருந்தார்கள். தங்கள் சர்வரைத் தாங்களே தாக்கி விழுத்தாட்டிவிட்டார்கள். ஒத்திகையில் ஏன் தெரியவில்லை? ஒத்திகையில் இவ்வளவு கண்ணாடி இல்லை. வாட்ஸ்அப் அழைப்பின் கதை வேறு: அறிவிப்பு வந்த அதே கணத்தில் கண்ணாடியின் திரை தூங்கப் போயிருந்தது, யாரும் அதுவரை கண்டிராத ஒரு பிழை. மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இந்த விளக்கம் அந்த மாநாட்டின் மற்ற எல்லா அறிவிப்புகளையும்விடப் பயனுள்ளது. ஊர் சிரித்தாலும், பொருள் உண்மையாகவே ஓடிக்கொண்டிருந்தது என்பதற்கு அந்தத் தோல்வியே அத்தாட்சி.

படமெடுத்து ஓட்டும்போது அந்த அத்தாட்சி கிடைக்காது. 2023 டிசம்பரில் கூகுள் தன் ஏஐயான ஜெமினி பற்றி ஒரு வீடியோ வெளியிட்டது. ஒருவர் காகிதத்தில் வாத்து வரைய வரைய, ஏஐ பார்த்துக்கொண்டே கூடப் பேசுவது போல இருக்கும். உண்மையில் தனித்தனிப் படங்களையும் எழுத்தில் கேட்ட கேள்விகளையும் வைத்துப் பதில் வாங்கி, பிறகு வீடியோவாகக் கோத்திருந்தார்கள். கூகுளும் அதை ஒப்புக்கொண்டது. 2024 ஜூனில் ஆப்பிள், உங்கள் மெயிலையும் செய்தியையும் படித்துப் புரிந்துகொண்டு, அம்மாவின் விமானம் எப்போது இறங்குகிறது என்று சொல்லும் புது சிரியை, அதாவது ஐபோனின் குரல் உதவியாளரை, படமாகக் காட்டியது. அதை வைத்து ஐபோன் 16-க்கு விளம்பரமும் ஓட்டினார்கள். 2025 மார்ச்சில், எதிர்பார்த்ததைவிட நாளாகும் என்று அறிக்கை வந்தது, விளம்பரம் மறைந்தது. அதே ஆப்பிள் 2017 செப்டம்பரில் மூன்று சாதனங்களை ஒரே பாயில் வைத்து சார்ஜ் செய்யும் ஏர்பவரை அறிவித்து, 2019 மார்ச்சில் 'எங்கள் தரத்துக்கு வரவில்லை' என்று கைவிட்டது. 2007-இன் தங்கப் பாதை குறுகலாக இருந்தாலும் பாதை என்று ஒன்று இருந்தது. படத்தில் காட்டும் பாதையில் நடந்து பார்த்தவர் யாராவது உண்டா என்று நம்மால் கேட்க முடியாது.

சரி, மேடையை விடுங்கள், விமர்சகர்கள் சொல்லிவிடுவார்களே என்று தோன்றும். இங்கே 'எம்பார்கோ' என்ற ஒப்பந்தத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு போனின் விமர்சனங்கள் எல்லாச் சேனல்களிலும் ஒரே நிமிடத்தில் வந்து விழுவதைப் பார்த்திருப்பீர்கள். அது தற்செயல் இல்லை. சில நாட்கள் முன்பே போனைக் கொடுத்து, இன்ன தேதி இன்ன மணிக்கு முன் வாய் திறக்கக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருப்பார்கள். மீறினால் அடுத்த முறை போன் வராது. இதில் ஒரு நன்மையும் உண்டு: முந்திக்கொள்ளும் வெறியில் அரைகுறையாக எழுத வேண்டியதில்லை. ஆனால் நாட்களை எண்ணிப் பாருங்கள். ஐபோன் வழக்கமாகச் செவ்வாய்க்கிழமை அறிவிக்கப்படும். அந்த வெள்ளியே முன்பதிவு. விமர்சனங்கள் அடுத்த வாரம். அதாவது யாரும் வாங்கலாமா வேண்டாமா என்று சொல்வதற்கு முன்பே பணம் கட்டும் வரிசை திறந்துவிடுகிறது. மாநாட்டு மண்டபத்தின் பின்பக்கம் பத்து நிமிடம் தொட்டுப் பார்த்துவிட்டுப் போடும் வீடியோவுக்கு 'முதல் பார்வை' என்றுதான் பெயர். அதைப் பெண் பார்க்கும் படலமாக எடுத்துக்கொள்ளலாம், குடித்தனத்தின் கணக்கு வேறு.

அறிவிப்புகளைப் படிக்கும்போது நான் முதலில் பார்ப்பது வினைமுற்றைத்தான். வந்துவிட்டதா, வருகிறதா, வருமா? பள்ளியில் படித்த முக்காலமும் இதற்கு இப்படி உதவும் என்று தமிழாசிரியர் நினைத்திருக்க மாட்டார். ஆங்கில அறிவிப்புகள் எதிர்காலத்தையும் நிகழ்காலத்தில் பேசும்: இதைச் செய்கிறது, அதைப் புரிந்துகொள்கிறது. எப்போது என்பது அடிக்குறிப்பில், சாம்பல் நிறப் பொடி எழுத்தில் இருக்கும். 'இந்த ஆண்டின் பிற்பகுதியில்', 'தேர்ந்தெடுத்த நாடுகளில்', 'முதலில் அமெரிக்க ஆங்கிலத்தில்'. தமிழுக்கு மாற்றும்போது இது இன்னும் குழம்பும். நம் 'வரும்' என்ற சொல்லே இரட்டை வேடக்காரர். 'இந்தத் தெருவுக்குத் தண்ணீர் லாரி வரும்' என்றால் தினமும் வருகிறது என்றும் பொருள், இனிமேல்தான் வரப்போகிறது என்றும் பொருள். 'இந்த போனில் தமிழிலேயே பேசும் வசதி வரும்' என்று செய்தியில் படித்தால் எந்த 'வரும்' என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

தேதி சொன்னாலும் முழுசாக நம்ப வேண்டியதில்லை. 2021 ஜூனில் ரிலையன்ஸ் பொதுக்குழுவில் ஜியோபோன் நெக்ஸ்ட் விநாயகர் சதுர்த்திக்கு என்று அறிவிக்கப்பட்டு, சிப் தட்டுப்பாட்டால் தீபாவளிக்குத்தான் வந்தது. அது சின்னத் தாமதம். சாம்சங்கின் பாலி என்ற உருளும் ரோபோவை 2020 சிஇஎஸ்ஸில் காட்டினார்கள், 2024 சிஇஎஸ்ஸில் உருமாற்றி மறுபடி காட்டினார்கள், 2025-லும் கூட்டிவந்தார்கள். கோயில் உற்சவர் போல ஆண்டுக்கொருமுறை உலா. மறுபக்கம், சொன்ன நாளே கையில் கிடைத்ததும் உண்டு. 2024 ஜூன் 18 அன்று இந்தியாவுக்கான ஜெமினி செயலியைத் தமிழ் உட்பட ஒன்பது இந்திய மொழிகளில் அறிவித்த அதே நாள் தரவிறக்க முடிந்தது. அதற்கு மேடையும் இல்லை, புகைமூட்டமும் இல்லை. ஒரு வலைப்பதிவு, அவ்வளவுதான். சத்தமில்லாத அறிவிப்புகளின் மேல் எனக்கு மரியாதை கூடிக்கொண்டே போகிறது.

நிரல் எழுதுகிறவர்களுக்கு இது ஏற்கெனவே தெரியும். காலை உரை ஊருக்கு. அவர்கள் காத்திருப்பது மதிய அமர்வுக்கும், அன்றிரவே வரும் பீட்டா என்ற சோதனைப் பதிப்புக்கும், அதோடு வரும் வெளியீட்டுக் குறிப்புகளுக்கும். புதிதாக என்ன வந்தது என்பதைவிட எதை இனிமேல் கைவிடப் போகிறார்கள் என்பதுதான் அவர்கள் வயிற்றைக் கலக்கும். 2018-இல், ஆப்பிளின் மேக் கணினிகளில் திரையில் படம் வரைய உதவும் ஓபன்ஜிஎல் ஓய்வுபெறும் என்ற செய்தி மேடையில் பெரிதாக அடிபடவில்லை, ஆனால் விளையாட்டுகளும் வரைகலைக் கருவிகளும் எழுதுகிறவர்களுக்கு அன்றைய தலைப்புச் செய்தியே அதுதான்.

அப்படியானால் நேரில் போவதில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஒரு கணினி மாநாட்டில் டக்ளஸ் எங்கல்பார்ட் தொண்ணூறு நிமிடம் ஒரு டெமோ நடத்தினார். மவுஸ், இணைப்புச் சுட்டிகள், முகம் பார்த்துப் பேசிக்கொண்டே ஒரே ஆவணத்தை இருவர் திருத்துவது, எல்லாம் நேரடியாக. கணினி இருந்ததோ ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் தள்ளி மென்லோ பார்க்கில். விற்பதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை, விலையும் சொல்லவில்லை. அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் சிலரின் வாழ்நாள் வேலையே அன்று திசைமாறியது. மவுஸ் சாதாரண மக்கள் கைக்குப் பரவலாக வந்தது 1984-இல் மேகின்டாஷோடுதான்.

நான் போனவை அந்த ரகமில்லை. கொஞ்ச காலம் முன் பெங்களூரில் ஒரு மாநாட்டுக்கு அலுவலகச் செலவில் போனேன். வாசலில் பேட்ஜ், கழுத்துப் பட்டை, ஒரு துணிப்பை, அதற்குள் எக்ஸ்எல் டிசர்ட். என் அளவு எம். தொடக்க உரை தங்குமிடத்திலேயே யூடியூபில் இதைவிடத் தெளிவாகத் தெரிந்திருக்கும். ஆனால் மதியச் சாப்பாட்டு வரிசையில், தயிர்சாதத் தட்டோடு எனக்கு முன்னால் நின்ற பையன் காலையில் மேடையில் டெமோ காட்டிய குழுவில் ஒருவன். ஊர் கேட்டேன், தேனிப் பக்கம். காலையில் பார்த்த அந்தக் குரல்வழிக் கருவி இவ்வளவு வேகமாகப் பதில் சொன்னதே, எப்படித் தம்பி என்றேன்.

"அண்ணே, அது ஒரு ஆளுக்கு மட்டும் தனியா ஒதுக்குன மெஷின்ல ஓடுச்சு. ஐம்பது பேர் சேந்து கேட்டா இப்போதைக்குப் படுத்துரும்," என்றான், ஊறுகாயை எடுத்துக்கொண்டே. கொஞ்சமும் கூச்சமில்லை. ஆறு மாதத்தில் சரிசெய்துவிடுவோம் என்றும் சொன்னான். எப்படிச் சரிசெய்யப் போகிறார்கள் என்பதை டிஷ்யூ காகிதத்தில் வரைந்தும் காட்டினான். அந்த இரண்டு நாளில் நான் கற்றுக்கொண்டது முழுக்க அந்தக் காகிதத்தில் இருந்தது. இணையத்தில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காத சங்கதி அது.

பிற்பகல் அவர்கள் ஸ்டாலுக்குப் போனேன். கருவி மேசைமேல் இருந்தது, பின்பக்கம் டேப் போட்டு ஒட்டிய மின்கம்பியோடு. தொடப் போனால் ஸ்டாலில் நின்ற விற்பனைப் பிரதிநிதி மெதுவாகக் கையை நடுவில் வைத்தார். ஆங்கிலத்தில் கேட்டேன், பதில் சொன்னது. தமிழில் கேட்டேன், நீல விளக்கு சுற்றிக்கொண்டே இருந்தது.

"தமிழ் எப்போ சார் வரும்?"

"வரும் சார்," என்றார், என் பேட்ஜை ஸ்கேன் செய்துகொண்டே.

தமிழ் இன்னும் வரவில்லை. அவர்களிடமிருந்து விற்பனை அழைப்பு மட்டும் அடுத்த திங்கட்கிழமையே வந்துவிட்டது.